தேயிலையைக் கடைசியில் வரையட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் தாத்தா ஊரை வரைந்து வரச் சொன்னார்களாம், தேயிலைத் தோட்டம் மட்டும் போட்டால் போதுமா என்று பேரன் கேட்டானாம். போனில் சொன்னால் பாதியிலேயே உனக்கு வேலை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் நடுவில் தொட்டபெட்டா சிகரத்தைப் போடச் சொல், 2,637 மீட்டர். நீலகிரிக்கு மழையைப் பங்கு பிரிப்பது அதுதான். ஆடியில் கூடலூர்ப் பக்கம் கொட்டும்போது கோத்தகிரியில் நாம் துணி காயப்போடுவோம். ஐப்பசியில்தான் நம் முறை. வடக்கே மாயாறு, தெற்கே பவானி. கோடநாட்டில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு கீழே தெங்குமரஹாடா கிராமத்தைக் காட்டினேனே, அதுவும் நம் மாவட்டம்தான். ஆனால் அங்கே போக மலையிறங்கி, பவானிசாகர் வழியாகக் காட்டுக்குள் போய், மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் துரை 1819-ல் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்தபோது இங்கே தேயிலையே கிடையாது. மேட்டில் புல், பள்ளத்தில் சோலை. புல்லில் தோடர்களின் எருமை, ஹட்டி என்கிற ஊர்களைச் சுற்றிப் படுகர்களின் சாமையும் ராகியும். துரைமார் கண்ணுக்குப் புல்வெளி சும்மா கிடக்கிற நிலம். கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸையும், சீகை என்கிற வாட்டில் மரத்தையும் வைத்துத் தள்ளினார்கள். கோடையிலும் ஓடை வற்றாமல் பார்த்துக்கொண்டது அந்தப் புல்லும் சோலையும்தான்.

அப்புறம் நாம். இலங்கைத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் அந்த நாட்டுப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டதில், உன் அப்பாயி தலைமன்னாரில் கப்பல் ஏறினாள். அவள் கப்பல் ஏறியபோது எனக்கு ஒன்பது வயது. நம்மைப் போல் வந்தவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-லிருந்தே வனத்துறை இங்கே தேயிலை போட்டுக்கொண்டிருந்தது. இலங்கை அட்டனில் இருபது வருஷம் கொழுந்து பறித்த கை, இங்கேயும் கூடை கொடுப்பார்கள் என்று நினைத்துப் போனாள். மண்வெட்டியைக் கொடுத்தார்கள். செடியே இனிமேல்தான் வைக்க வேண்டுமாம்! சாயங்காலம் கொப்புளம் கண்ட கையைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு அவள் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

காட்டைத் திருத்தித்தான் அந்தச் செடி வைத்தோம். நமக்குச் சோறு போட்டது, குறை சொல்ல வாய் வரவில்லை. பேரனிடம் மறைக்கவும் மனமில்லை.

ரயிலை நம் ஊருக்குள் விட்டுவிடப்போகிறான். அது மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-ல் குன்னூருக்கும், 1908-ல் ஊட்டிக்கும் போனது. கோத்தகிரிக்கு என்றைக்கும் பஸ்தான்.

பச்சையில் இரண்டு வேண்டும். சோலைக்குக் கரும்பச்சை, தேயிலைக்கு இளம்பச்சை. புல்லுக்கு வைக்கோல் நிறம் இருக்கிறதா என்று பெட்டியில் பார்க்கச் சொல். வரைந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு.

அப்பா