அம்மா இடுப்புக்கு ஏன் சிமெண்ட் வைத்தார்கள்

கே.புதூர், மதுரை – 7
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள சுந்தருக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு இடுப்பு முறிந்து செயற்கை மூட்டு வைத்த விஷயத்தில் நேற்று நீ கோபமாக போனை வைத்துவிட்டாய். உங்கம்மா பக்கத்திலேயே படுத்திருந்ததால் நானும் பதில் பேசவில்லை. "சிமெண்ட் இல்லாத டைட்டானியம் மாடல் வந்து எத்தனை வருஷம் ஆச்சு, அம்மாவுக்குப் போய் பழைய டைப்பை வச்சிருக்காங்க, நீங்க ஏன் கேட்கல?" என்றாய். கேட்டேன்டா. நாற்பது வருஷம் லேத்தில் நின்றவன் கேட்காமலா இருப்பேன்? போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எக்ஸ்ரேயைப் பெரிசாக்கிப் பார். மேலே அரைத் தேங்காய் மூடி மாதிரி இருப்பது கிண்ணம். அதற்கு சிமெண்டே கிடையாது. இடுப்பெலும்பில் இருக்கும் குழியை ரீமர் போட்டுக் கடைந்திருக்கிறார்கள் (அங்கேயும் அதற்கு ரீமர் என்றுதான் பெயர், கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது). குழியைக் கிண்ணத்தை விட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சின்னதாகவே விட்டு, அடித்து இறக்குவார்களாம். இறுக்கமான ஹவுசிங்கில், அதாவது கூட்டில், பேரிங்கை அடித்து ஏற்றுகிற அதே கதைதான். பிடிமானம் போதாமல் போய்விடக் கூடாதென்று இரண்டு ஸ்க்ரூவும் போட்டிருக்கிறார்கள். கீழே தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டைச் சுற்றி வெள்ளையாக ஓர் உறை தெரிகிறதே, அதுதான் நீ திட்டிய சிமெண்ட்.

பெயர்தான் சிமெண்ட். உண்மையில் அது அக்ரிலிக், பல் செட் செய்கிற பிளாஸ்டிக்கின் இனம். பொடியையும் திரவத்தையும் கலந்தால் மாவுப் பதத்துக்கு வந்து, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் சூடாகிக் கல்லாகிவிடும். 1960களில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் இதை வைத்துத்தான் இந்த ஆபரேஷனை நிலைநிறுத்தினார். அது பசை இல்லை, ஒட்டாது என்று நம் டாக்டர் இரண்டு தடவை சொன்னார். எலும்புக்குள் பஞ்சு மாதிரி இருக்கும் துவாரங்களில் புகுந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மெஷினை இறக்கும்போது ஃபவுண்டேஷன் போல்ட்டைச் சுற்றி இடைவெளியை அடைக்க கிரவுட் கலவை ஊற்றுவோமே, அந்த வேலை.

நீ சொல்லும் டைட்டானியத் தண்டு வேறு வழியில் நிற்பது. அதன் மேல்தோல் சொரசொரப்பாக, கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு இருக்கும். முதல் நாளில் அடித்து இறுக்கிய பிடியில்தான் அது நிற்க வேண்டும். எலும்பு வளர்ந்து அந்தத் துளைகளில் ஏறிக் கவ்விக்கொள்ள ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அந்த வாரங்களில் தண்டு எவ்வளவு அசைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுமார் 40 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அசைந்தால் எலும்பு வளரும். 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்பு வளராது, அந்த இடத்தில் நார்தான் படரும். நார் பிடித்தது பிடிமானம் ஆகாது, நடக்க நடக்க வலிக்கும், லூசாகும். ஒரு தலைமுடியின் தடிமன் எழுபது எண்பது மைக்ரான் என்று உனக்கே தெரியும். இரண்டு முடி தடிமனில் ஓர் ஆபரேஷன் தோற்றுப்போகும் என்று கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அசையாமல் நிற்க வேண்டுமென்றால் ஓங்கி அடித்து இறுக்கவேண்டும். அடி வாங்க எலும்பில் தெம்பு வேண்டும்.

ப்ளஸ் டூ லீவில் நீ பட்டறைக்கு வந்தபோது ஒரு பம்பு பாடி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். பேரிங் உட்காரும் துளையை நீதான் அளந்தாய், அளவு கச்சிதம். பேரிங்கை நாலு தட்டு தட்டினேன், ஐந்தாவது தட்டில் பாடி விளிம்பிலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. உள்ளே பார்த்தால் வார்ப்பு முழுக்கக் குமிழ். நீ முகம் சுண்டிப்போய் "நான் தப்பா அளந்துட்டேனாப்பா?" என்று கேட்டாய். அளவில் தப்பில்லை, இரும்பில் தப்பு என்றேன்.

உங்கம்மா எலும்பு அந்த வார்ப்பு மாதிரி ஆகிவிட்டதப்பா. எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். அதில் டி-ஸ்கோர் என்று ஒரு கணக்கு. மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5க்கோ அதற்குக் கீழேயோ போனால் எலும்புத் தேய்வு. அம்மாவுக்கு முறியாத பக்க இடுப்பிலேயே மைனஸ் 3.1. நல்ல தொடை எலும்பின் உள்குழாய் மேலே அகன்று கீழே போகப்போகப் புனல் மாதிரி குறுகும், தண்டு அதில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அம்மாவுக்கு மேலும் கீழும் ஒரே அகலம், சுவரும் மெலிசு. டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார், பி.வி.சி. பைப் மாதிரி இருந்தது. அதில் டைட்டானியத்தை அடித்து இறக்கினால் அப்போதே கீறல் விடலாம், இல்லை கொஞ்ச நாள் கழித்துத் தண்டைச் சுற்றியே எலும்பு முறியலாம், அப்புறம் முதல் ஆபரேஷனை விட அது பெரிய வேலை என்றார். வயதானவர்களுக்கு இடுப்பு மூட்டை ஒட்டிய தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் தண்டுக்கு சிமெண்ட் வைப்பதுதான் இன்றைக்கும் வழக்கமாம். எலும்பு கெட்டியாக இருக்கிற ஐம்பது வயதுக்காரனுக்கு நீ சொல்வதைத்தான் வைத்திருப்பேன் என்றும் சொன்னார். ஆக நீ படித்தது தப்பில்லை, ஆள்தான் வேறு.

சிமெண்டிலும் ஆபத்து உண்டு. அதை உள்ளே அழுத்தும் நேரத்தில் சிலருக்கு பி.பி. சட்டென்று இறங்கிவிடுமாம். முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் நான் வராண்டாவில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பதை எழுதப்போவதில்லை.

இப்போது உன்னிடம் சொல்லாத ஒன்று. அம்மா நின்ற இடத்திலிருந்துதான் விழுந்தாள். கோலப்பொடிக் கிண்ணத்தை எடுக்கத் திரும்பினாள், கால் இடறியது. அப்படி விழுந்ததற்கு இடுப்பு முறியக்கூடாது. நாலு வருஷம் முன்னால் மணிக்கட்டு முறிந்ததே, அதுவும் இப்படித்தான். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள், எலும்பைச் சோதிக்க யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அம்மாச்சிக்குக் கூன் விழுந்ததை வயசுக்கூன் என்றே எல்லாரும் சொன்னோம். அதைவிட மோசம், வீசிங்குக்கென்று அம்மா வருஷக்கணக்கில் போட்ட அந்தக் குட்டி மாத்திரை. சீட்டு இல்லாமலே கடையில் கொடுத்தார்கள். பழைய அட்டையைக் காட்டி வாங்கி வந்தவன் நான்தான். அது ஸ்டீராய்டு, எலும்பைத் தின்னும் என்று இப்போதுதான் தெரிகிறது. நீ என்னைத் திட்டுவதானால் சிமெண்டுக்குத் திட்டாதே, இதற்குத் திட்டு. இப்போது இன்ஹேலருக்கு மாற்றிவிட்டார்கள். மாத்திரையையும் ஒரேயடியாக நிறுத்தக்கூடாதாம், டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம்.

வைட்டமின் டி-யும் 11தான் இருந்தது. மதுரை வெயிலில்! வெயிலுக்கு பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்தால் எப்படி ஏறும்? அதைச் சரிசெய்து, கிட்னி டெஸ்ட்டும் பார்த்து, ஆறு வாரம் கழித்து சோலெட்ரானிக் ஆசிட் என்று ஒரு டிரிப் ஏற்றினார்கள். வருஷத்துக்கு ஒன்று. அன்று ராத்திரி காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தது, இரண்டு நாளில் அடங்கியது. உங்க அத்தை தினம் பிரண்டைத் துவையல் அரைத்து அனுப்புகிறாள். சாப்பிடட்டும், ஆனால் மருந்துக்குப் பதில் அதுதான் என்று நினைத்துவிடாதீர்கள் என்றார் டாக்டர். அத்தையிடம் இதை நான் சொல்லவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். இரும்பு மாதிரி ஒன்றை உள்ளே வைத்தால் எலும்பு இன்னும் இளைக்காதா என்று. இளைக்கும் என்றார். உலோகம் எலும்பை விட ரொம்ப விறைப்பு, சுமையை அது வாங்கிக்கொண்டால் மேல்பக்கத்து எலும்பு வேலையில்லாமல் மெலியும். முதல் வருஷம்தான் அது அதிகம். அந்த டிரிப் அதையும் கொஞ்சம் தடுக்குமாம். மற்றபடி நடக்கவேண்டும். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். இப்போது கைத்தடியோடு தெருமுனைப் பால் பூத் வரை போய் வருகிறாள், நான் பின்னாலேயே போகிறேன்.

தரையில் உட்காரக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, குனிந்து எதையும் எடுக்கக்கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தாகிவிட்டது. உங்கம்மாவுக்கு இதில் ஒன்றும் வருத்தமில்லை, அரிவாள்மனை ஒன்றைத் தவிர. கத்தியும் பலகையும் வாங்கிக் கொடுத்தேன், வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். போன வாரம் பட்டறைக்குப் போய் ஆங்கிளில் ஒரு ஸ்டாண்டு வெல்டு செய்து, அரிவாள்மனையை அதில் போல்ட் போட்டு மேஜை உயரத்துக்கு நிறுத்திவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து அரிகிறாள். அரை அங்குலம் உயரம் ஜாஸ்தியாம், தோள் வலிக்கிறதாம். நாளைக்குக் கழற்றி எடுத்துப்போய் அறுத்துக் கொண்டுவர வேண்டும்.

அப்பா