ஓடாமல் நிற்கும் ஜெனரேட்டரில் கேஸ் கசிவு: புகார்

பெறுநர்: மேலாளர், சர்வீஸ் பிரிவு

பொருள்: 5 கேவிஏ எல்பிஜி ஜெனரேட்டரின் சாலினாய்டு வால்வில் கசிவு

ஐயா,

நீங்கள் பொருத்திக் கொடுத்த ஜெனரேட்டரில் கேஸ் வாடை வருவதாகச் சொன்னோம். வந்த டெக்னீஷியன், "ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் வரத்தான் செய்யும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். ஸ்டார்ட் ஆகும் சில நொடிகள் எரியாத கேஸ் சைலன்சர் வழியே வருவது உண்டுதான். ஆனால் இரவு முழுக்க ஓடாமல் நின்ற இன்ஜினின் கூட்டைக் காலையில் திறந்தால் அடிப்பக்கம் வாடை அடிக்கிறதே, அதற்கு அந்தப் பதில் பொருந்தாது.

பேட்டரி ஓவர்சார்ஜ் ஆனாலும் கேஸ் வாடை போன்ற அழுகிய முட்டை நாற்றம் வரும் என்பதால் முதலில் அதைப் பார்த்தோம். 13.6 வோல்ட், சார்ஜரில் குறையில்லை. பிறகு கேஸ் லைன் ஃபிட்டரை வைத்து, சாலினாய்டு வால்வுக்கு (கரண்ட் வந்தால் மட்டும் கேஸுக்குத் திறக்கும் வால்வு) முன்னால் அழுத்தம் காட்டும் மானோமீட்டர் மாட்டி, சிலிண்டரை மூடினோம். 30 மில்லிபாராக இருந்த அழுத்தம் பத்து நிமிடத்தில் 21 ஆனது. வால்வுக்குப் பின்னால் உள்ள ஹோஸைக் கழற்றிச் சோப்பு நீர் தடவினால், கரண்ட் இல்லாதபோது இறுக மூடியிருக்க வேண்டிய வால்வின் வாயில் குமிழி மெல்ல உப்பி உடைகிறது. அந்த வாயை அடைத்ததும் அழுத்தம் இறங்கவே இல்லை. ஆக, பைப் இணைப்புகளில் கசிவில்லை, வால்வுதான்.

காரணமும் கண்ணெதிரே இருக்கிறது. டெஃப்லான் டேப்பை மரையின் நுனிவரை சுற்றியிருக்கிறார்கள். முதல் இரண்டு மரையை விட்டுச் சுற்றாவிட்டால் டேப் பிய்ந்து உள்ளே போய், வால்வு பதிந்து மூடும் இடமான சீட்டில் சிக்கும். வால்வின் வாயிலேயே வெள்ளைப் பிசிறு ஒன்று ஒட்டியிருந்தது. முன்னால் ஒரு ஃபில்டர்கூட வைக்கவில்லை. போதாக்குறைக்கு, அதிரும் மெஷினோடு வளையாத ஜிஐ இரும்பு பைப்பை நேராக முடுக்கியிருக்கிறார்கள். இன்று கசியாத மரையும் நாளை அதிர்வில் விட்டுக்கொடுக்கும்.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். ஆட்டோ மோடில் கரண்ட் போனதும் ஆளில்லாமலே ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும். அதன் ஒரு பொறி போதும். பக்கத்திலேயே தண்ணீர்ச் சம்ப்பின் மூடி வேறு இருக்கிறது, கேஸ் அதற்குள்ளும் இறங்கித் தேங்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் "சாதாரணம்" என்று சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்ததைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

வால்வைத் துடைத்து மாட்டாமல் புதிதாக மாற்ற வேண்டும். லைனில் வால்வுக்கு முன்னால் ஃபில்டரும், மெஷினருகே கம்பிப் பின்னல் போட்ட ஃப்ளெக்ஸிபிள் ஹோஸும் வேண்டும். வேலை முடிந்ததும் எங்கள் முன் பிரஷர் டெஸ்ட் செய்து, அளவைச் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதித் தர வேண்டும். பழைய ரிப்போர்ட்டை ரத்து செய்யுங்கள்.

அதுவரை சிலிண்டர் மூடியே இருக்கும், சுவிட்ச் ஆஃபில் இருக்கும். வாரண்டி காலத்தில் இந்த நாட்களைச் சேர்த்துத் தரவும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்