பீரங்கிக்குப் பின்னால் நிற்பவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் நெப்போலியனைப் பற்றி வந்த கட்டுரையை என் பேத்தி கத்தரித்து வைத்திருக்கிறாள். உயர்நிலை இரண்டில் படிக்கிறாள், வரலாற்றுப் பாடத்துக்கு ஏதோ ஒப்படைப்பு. கட்டுரையில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. கூடவே போட்டிருந்த ஓவியம்தான் என்னை எழுத வைத்தது. நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போர்க்களம். பிரெஞ்சுப் பீரங்கி சுடுகிறது. குண்டு விழுந்த இடத்திலெல்லாம் தீப்பிழம்பு. பீரங்கிக்கு நேர் பின்னால் ஒருவர் காலை அகட்டி நின்றுகொண்டு நெருப்பு வைக்கிறார்.

நான் 1976இல் இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவச் சேவைக்கு, போனவன். பீரங்கிப் படையில் போட்டார்கள். அங்கே முதல் நாளே கற்றுக்கொண்ட பாடம், அந்த ஓவியத்தில் இருப்பவர் நிற்கும் இடத்தில் நிற்கக் கூடாது என்பது. மறந்துபோய் நின்ற ஒருவனை எங்கள் சார்ஜண்ட் பாதி மலாயிலும் பாதி ஹொக்கியனிலும் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. இத்தனைக்கும் எங்கள் 155 மில்லிமீட்டர் பீரங்கியில் சுட்டதும் குழல் மட்டும்தான் பின்னுக்கு வந்து திரும்பும். வண்டி மண்ணில் ஊன்றியபடி இருக்கும். நெப்போலியன் காலத்தில் அந்த வசதி ஏது? பிரெஞ்சுக்காரர்களே அதைச் சரியாகச் செய்துகாட்டியது 1897இல் வந்த 75 மில்லிமீட்டர் பீரங்கியில்தான். அதற்கு முன்பெல்லாம் சுட்ட வேகத்தில் பீரங்கி சக்கரத்தோடு பல அடி பின்னால் உருண்டு போகும். பன்னிரண்டு பவுண்டு குண்டைச் சுடும் பீரங்கியின் வெண்கலக் குழல் மட்டுமே கிட்டத்தட்ட ஒரு டன். ஒவ்வொரு முறையும் ஆள்கள் தோளில் கயிற்றைப் போட்டு இழுத்தும் கட்டையால் நெம்பியும் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி குறிபார்க்க வேண்டும். ஒரு பீரங்கிக்குப் பதினைந்து பேர் வரை தேவைப்பட்டது அதனால்தான். நெருப்பு வைப்பவர் சக்கரத்துக்கு வெளியே, பக்கவாட்டில் நின்று கையை நீட்டித்தான் வைப்பார்.

குண்டு விஷயத்துக்கு வருகிறேன். பேத்தியிடம் “இந்தத் தீயெல்லாம் பொய்” என்றேன். “வெடிக்காத குண்டு எப்படித் தாத்தா ஆளைக் கொல்லும்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

அன்றைய பீரங்கிக் குண்டுகளில் பெரும்பாலானவை வெறும் இரும்பு உருண்டைகள். உள்ளே வெடிமருந்து கிடையாது. பன்னிரண்டு பவுண்டு என்பது குண்டின் எடை. பிரெஞ்சுப் பவுண்டு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்பதால், தேக்கா சந்தையில் வாங்குகிற ஐந்து கிலோ அரிசிப் பையைவிடக் கொஞ்சம் கனம், அளவில் உரித்த தேங்காய். நான் வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில். ஓட்டுச் சில்லை எடுத்துக் கடலில் தவளைக்கல் விடுவோம், ஞாபகம் இருக்கும் சிலருக்கு. அதே வித்தைதான். குண்டைத் தாழ்வாக அனுப்புவார்கள். அது காய்ந்த தரையில் பட்டு எழும்பி, மறுபடி பட்டு எழும்பி, மனிதன் உயரத்துக்கு மேலே போகாமல் ஓடும். நெருக்கமாக அணிவகுத்து வருகிறவர்களுக்குள் புகுந்தால் ஒரே குண்டு வரிசையாகப் பலரைச் சாய்த்துவிடும். வேகம் அடங்கி உருண்டு வரும் குண்டைக் கூட நம்ப முடியாது. காலை நீட்டி நிறுத்தப் பார்த்தவர்களுக்குக் கால் போயிருக்கிறது.

வெடிக்கிற குண்டே இல்லையென்று சொல்லவில்லை. எட்டுப் பீரங்கி கொண்ட பிரெஞ்சுப் படைப்பிரிவில் இரண்டு ஹவிட்சர்கள், அதாவது குண்டை உயரத் தூக்கி வீசும் குட்டைக் குழல் பீரங்கிகள், இருக்கும், அவை வெடிகுண்டு வீசும். மற்ற ஆறும் இரும்பு உருண்டைதான். எதிரி கிட்டே வந்துவிட்டால் தகர டப்பாவில் அடைத்த சிறு குண்டுகள். குழலை விட்டு வெளியே வந்ததும் டப்பா கிழிந்து, குண்டுகள் விசிறிபோலப் பரவும். 1807இல் ஃபிரீட்லாந்துப் போரில் செனார்மோன் என்ற பிரெஞ்சுத் தளபதி முப்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகளை ரஷ்யக் காலாட்படையை நோக்கி முன்னே கொண்டுபோனார். நிறுத்திச் சுடுவது, மறுபடி நகர்வது, மறுபடி சுடுவது. கடைசியில் எதிரியின் முகம் தெரியும் தூரத்திலிருந்து அந்த டப்பாக் குண்டுகளைச் சுட்டார்கள். நாங்கள் சுட்டதெல்லாம் கண்ணுக்கே தெரியாத இலக்கை. அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஓவியர் வாட்டர்லூவைத் தேர்ந்தெடுத்ததுதான் வேடிக்கை. 1815 ஜூன் 17 இரவெல்லாம் அங்கே மழை. மறுநாள் தரை கொஞ்சமாவது காயட்டும் என்று நெப்போலியன் காத்திருந்ததில், பெரிய சண்டை தொடங்க முற்பகல் பதினொன்றரை ஆகிவிட்டது. அப்போதும் குண்டுகள் எழும்பாமல் சேற்றில் புதைந்தன. போதாததற்கு எதிரணியின் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தன் ஆள்களில் பெரும்பகுதியை மேட்டுக்கு மறுபுறச் சரிவில் படுக்க வைத்திருந்தார். மழைக்குப் பிறகு பாசிர் லாபா பயிற்சிக்களத்துச் செம்மண்ணில் பீரங்கிச் சக்கரத்தைத் தள்ளியவர்களுக்கு அந்தக் காலைப்பொழுதை விளக்க வேண்டியதில்லை. ஆக, அந்தப் படத்தில் வர வேண்டியது சேறுதான். தீ அல்ல.

“இதுக்கெல்லாம் போய்ப் பத்திரிகைக்கு எழுதணுமா மாமா?” என்று மருமகன் சிரிக்கிறார். நெப்போலியன் நமக்கு அவ்வளவு தூரத்து ஆள் இல்லை. அவர் ஆளுகைக்குள் போயிருந்த டச்சு ஜாவாவை 1811இல் பிரிட்டிஷார் பிடித்தார்கள். மலாக்காவில் கூடிப் புறப்பட்ட அந்தப் படையில் மதராஸ் குதிரைப் பீரங்கிப் படையினரும் இருந்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் அங்கே துணை ஆளுநரானார். நெப்போலியன் வீழ்ந்த பிறகு ஜாவா டச்சுக்காரர்களிடமே திரும்பிப் போய்விட, வேறு துறைமுகம் தேடித்தான் 1819இல் நம் சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கு வந்தார்.

இன்னொன்று, ஓவியருக்குப் பயன்படலாம். பிரெஞ்சுப் பீரங்கிகளை இழுத்த குதிரைகளும் ஓட்டிகளும் 1800 வரை ஒப்பந்தக்காரருடையவை. குண்டு பறக்கத் தொடங்கியதும் குதிரைகளோடு ஓட்டமெடுத்தவர்கள் உண்டு. கப்பல் பட்டறையில் ஒப்பந்த ஆள்களோடு முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. நெப்போலியன் அவர்களுக்குச் சீருடை மாட்டிப் படைவீரர்களாக்கினார். பெரிய பீரங்கிக்கு ஆறு குதிரை, சின்னதற்கு நான்கு. படத்தில் ஒரு குதிரை கூட இல்லை.

ஓவியத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டால் நல்லது. பேத்தி திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டுமாம், புதுப் படம் வரும்வரை காத்திருக்க மாட்டாள். பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு அந்த ஆளைச் சக்கரத்துக்கு வெளியே நகர்த்திவிட்டாள். தீப்பிழம்புகளை என்ன செய்வதென்று இன்னும் முடிவாகவில்லை.

இப்படிக்கு,
முன்னாள் பீரங்கிப் படைவீரர்,
ஈசூன்