2024–25 ஆண்டறிக்கை: நிறுத்தத்தில் நின்று எடுத்த கணக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வேளச்சேரி, ஆதம்பாக்கம், புழுதிவாக்கம் பகுதிகளிலிருந்து பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது பயணிகள் சங்கம் செய்த பணிகளை இந்த அறிக்கை வழியே உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழு மாதந்தோறும் கூடியது. அதன் நடவடிக்கைக் குறிப்பேடு மேசையில் இருக்கிறது. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, சென்ற பொதுக்குழுவில் நாம் எடுத்த ஒரு முடிவைப் பற்றியே பெரிதும் பேச விரும்புகிறேன். கூடுதல் பேருந்து கேட்டு ஆண்டுதோறும் மனு கொடுக்கும் வழக்கத்தைச் சிறிது காலம் நிறுத்திவிட்டு, இருக்கிற பேருந்துகள் எப்படி வருகின்றன என்பதை முதலில் நாமே அளந்து பார்ப்பது என்பதே அந்த முடிவு.

ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் நால்வரும் கல்லூரி மாணவியர் இருவரும் முறை வைத்துக்கொண்டு, குருநானக் கல்லூரி நிறுத்தத்தில் காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை நின்று, கிண்டி நோக்கிப் போகும் டி70, எம்70, 570 ஆகிய தடங்களின் பேருந்துகள் வந்த நேரத்தை ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். 2022 மே மாதம் வந்த ‘சென்னை பஸ்’ செயலியே பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும்போது நோட்டுப் புத்தகம் எதற்கு என்று சிலர் கேட்டதுண்டு. செயலி இந்த நொடியின் நிலையைச் சொல்லும். சென்ற வாரம் முழுவதும் என்ன நடந்தது என்பதைச் சேர்த்து வைத்துப் பயணியிடம் காட்டாது. நமக்கு வேண்டியிருந்தது அந்தச் சேர்த்து வைத்த கணக்கு.

முதல் சில நாட்களிலேயே தெரிந்துவிட்ட ஒன்று உண்டு. நெடுநேரம் எதுவும் வராமல் இருந்து, பிறகு ஒரே எண்ணுள்ள இரண்டு பேருந்துகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும். முன்னது படிவரை நிறைந்திருக்கும், பின்னதில் உட்கார இடம் இருக்கும். இது நாம் எல்லோரும் அன்றாடம் பார்த்துச் சலித்த காட்சிதான் என்றாலும், அதன் விலை என்ன என்பதை நாம் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. ஒரு தடத்தில் மணிக்கு ஆறு பேருந்துகள் வருவதாக வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று சீராக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிற ஒருவர் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்பார். அதே ஆறும் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு, இருபது நிமிடத்துக்கு ஒரு ஜோடியாக வந்தால், அவர் நிற்பது பத்து நிமிடம். ஒரு வண்டியும் குறையவில்லை, ஆறு நடையும் ஓடியதாகப் பதிவேடு சொல்லும். காத்திருப்பு மட்டும் இரு மடங்காகியிருக்கும். நிறுத்தத்தில் நிற்கும் ஒரு நிமிடத்தை வண்டிக்குள் கழியும் ஒரு நிமிடத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு பாரமாகப் பயணிகள் உணர்கிறார்கள் என்பது போக்குவரத்து ஆய்வாளர்கள் நெடுநாளாக ஒப்புக்கொண்டுள்ள கணக்கு. கத்திரி வெயிலில், நிழற்குடை பெயர்த்தெடுக்கப்பட்ட நிறுத்தத்தில் அந்தக் கணக்கு செல்லுமா என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்; என்னிடம் விடை இல்லை.

பேருந்துகள் இப்படி ஒட்டிக்கொள்வது யாருடைய சோம்பலாலும் அல்ல. இதைப் பற்றி 1964இல் கார்டன் நியூவெல், ரென்ஃபிரி பாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதிய கட்டுரையை நம் படிப்பு வட்டத்தில் இரண்டு அமர்வுகளாக வாசித்தோம். சற்றே தாமதமான பேருந்துக்காக நிறுத்தத்தில் கூடுதல் பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களை ஏற்றுவதால் அது மேலும் தாமதமாகிறது. பின்னால் வருகிற வண்டிக்கோ ஏற ஆளில்லை, ஆகவே விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. நம் தடங்களில் புறப்படும் இடத்தில் நேரக் காப்பாளர் கடிகாரத்தைப் பார்த்து வண்டியை அனுப்புகிறார். நடுவழியில் அந்தக் கடிகாரத்துக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. நெருங்கிவிட்ட பின்வண்டியை வழியில் ஓரிடத்தில் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்தி, இடைவெளியைச் சீராக்கி அனுப்பலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் எளிய மருந்து. அப்படி நிறுத்தப்பட்ட வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் நடத்துநரைச் சும்மா விடமாட்டார்கள் என்பதையும் படிப்பு வட்டம் மறக்கவில்லை.

இவ்வாண்டில் நம் கணக்கையே திருத்தி எழுத வைத்தவர் ஓர் உறுப்பினர். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் 2021 மே மாதம் தொடங்கி, இப்போது விடியல் பயணம் என்ற பெயரில் நடந்து வருகிறது. இதனால் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறியது. நாமோ எல்லா வண்டிகளையும் ஒன்றாகவே எண்ணிக்கொண்டிருந்தோம். வீட்டு வேலைக்காக நாள்தோறும் கிண்டி செல்லும் அந்த அம்மையார் நம் நோட்டைப் பார்த்துவிட்டு, “சார், டீலக்ஸ் வந்தா எங்களுக்கு அது பஸ் கணக்குல சேராது” என்றார். முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய சாதாரணக் கட்டணப் பேருந்து வரும்வரை அவர் நிற்கிறார் என்றால், ஒரே நிறுத்தத்தில் அவருக்கு ஓர் இடைவெளி, எனக்கு வேறோர் இடைவெளி. அன்று முதல் குறிப்பேட்டில் வண்டியின் வகைக்கும் ஒரு கட்டம் போட்டோம்.

இதை இலவசத்தின் குறையாகக் கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பயணிகள் பெருகினால் பேருந்துகள் பெருகும், பேருந்துகள் பெருகினால் ஏற்கெனவே பயணம் செய்கிறவர்களின் காத்திருப்பும் குறையும் என்று பொருளியலாளர் ஹெர்பர்ட் மோரிங் 1972இல் காட்டியதும், பொதுப் போக்குவரத்துக்கு அரசு மானியம் தருவதற்கு அதையே நியாயமாகச் சொன்னதும் நமக்குச் சாதகமான வாதங்கள். ஆனால் நடுவில் இருக்கும் படி, அதாவது பெருகிய பயணிகளுக்கேற்பச் சாதாரணப் பேருந்தின் நடைகள் பெருகுவது, நடந்தாக வேண்டும்.

அக்டோபர் நடுவில் மழை எச்சரிக்கை வந்ததும் கணக்கெடுப்பு நின்றது. 2015 வெள்ளத்தை மறக்காத நம் பகுதியினர் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியதை நாடே படமாகப் பார்த்தது. கார்களுக்கு மேட்டு நிலம் கிடைத்தது. பேருந்துக்காக நின்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்படி விட்டுப்போன நாட்கள் பல இருப்பதாலும், ஒரே நிறுத்தத்தில் காலையில் மட்டும் எடுத்த குறிப்புகள் என்பதாலும், எண்களை இப்போது வெளியிட வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்தது. பத்திரிகைக்குக் கொடுத்திருக்கலாமே என்று வருந்திய உறுப்பினர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அரைகுறைக் கணக்கை ஒருமுறை கொடுத்துவிட்டால், முழுக் கணக்கோடு போகும் நாளில் நம்மை நம்ப ஆளிருக்காது. இடைவெளியைச் சீராக்கக் கோரும் கடிதத்தை மட்டும் தொடர்புடைய அலுவலகம் ஒன்றில் நவம்பரில் நேரில் கொடுத்தோம். பெற்றுக்கொண்ட முத்திரை கோப்பில் இருக்கிறது, பதில் இல்லை.

கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தியும் ஒரு பழைய செய்தியும் உண்டு. எழும்பூர்–கடற்கரை நான்காம் பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்ட வண்டிகள், ஏழு மாதம் என்று சொல்லப்பட்டது பதினான்கு மாதமான பின், 2024 அக்டோபர் 29 முதல் மீண்டும் கடற்கரைவரை ஓடுகின்றன. பழைய செய்தி, பரங்கிமலை இணைப்பு. 1995இல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய ரயில் 2007 நவம்பரில் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு மீதமிருந்தது ஐந்து கிலோமீட்டர். 2008இல் தொடங்கிய அந்த வேலை, ஆதம்பாக்கம் பக்கம் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் முடங்கி, மறுபடி தொடங்கிய பின் 2024 ஜனவரியில் தில்லை கங்கா நகர் அருகே பாலத்தின் ஒரு பகுதி சரிந்து விழ, மேலும் தள்ளிப்போயிற்று. இந்த அறிக்கை ஆண்டு முடிந்த நாளிலும் அதில் ரயில் ஓடவில்லை. பரங்கிமலையில் 1931 முதல் மின்சார ரயிலும் 2016 முதல் மெட்ரோவும் நிற்கின்றன. அந்த இரண்டையும் எட்டிப் பிடிக்க வேளச்சேரிக்காரர் அன்றும் ஆட்டோவையோ பேருந்தையோதான் நம்பியிருந்தார். போக்குவரத்து ஆய்வுகள் வண்டி மாறும் இடத்தையே பயணத்தின் பலவீனமான இடம் என்கின்றன. நம் பகுதியில் அந்த இடம் ஐந்து கிலோமீட்டர் நீளமாக இருந்தது.

மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு, 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய் மதிப்பில், ஒன்றிய அமைச்சரவை 2024 அக்டோபர் 3 அன்று ஒப்புதல் அளித்தது. அதன் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் ஆதம்பாக்கம், புழுதிவாக்கம் வழியாகவே போகிறது. மெட்ரோவில் புழங்கிய சிங்காரச் சென்னை அட்டையை 2025 ஜனவரி 6 முதல் மாநகரப் பேருந்திலும் பயன்படுத்தலாம். அட்டை ஒன்றானது வரவேற்கத்தக்கது, கட்டணம் ஒன்றாகவில்லை. மெட்ரோவிலிருந்து இறங்கிப் பேருந்தில் ஏறுகிறவர் குறைந்தபட்சக் கட்டணத்தைப் புதிதாகச் செலுத்துகிறார், பறக்கும் ரயிலில் அந்த அட்டை செல்லவும் இல்லை. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 2022 நவம்பரில் முதல் கூட்டம் நடத்திய சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் கவனிக்க வேண்டிய முதல் வேலை இதுவே என்பது செயற்குழுவின் கருத்து.

வரும் ஆண்டில் மாலை ஐந்து முதல் எட்டு வரையும், விஜயநகர் பேருந்து நிலையத்தில் இரண்டாவது இடத்திலும் கணக்கெடுக்க எண்ணியுள்ளோம். நிலையத்துக்கும் பறக்கும் ரயிலுக்கும் இடையே உள்ள தூரம் நடக்க ஏற்றதும் அல்ல, ஆட்டோக்காரர் மனமுவந்து வருகிற தூரமும் அல்ல. அந்த இடைத்தூரத்தை மக்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். இதற்குக் குறைந்தது இன்னும் எட்டுப் பேர் தேவை. வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் நிற்கக் கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். கைப்பேசியில் நேரம் பார்த்தால் போதும், குடை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்