காக்வெட் வீட்டுக்கு வந்துவிட்டாளா?

கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியின் நாடகப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும், ‘ஆன் வித் அன் ஈ’ தொடரை உருவாக்கிய மோயிரா வாலி-பெக்கெட் அவர்களுக்கும், அதை உலகமெங்கும் கொண்டுபோன நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

தொடர் முடிந்து இத்தனை வருடங்கள் கழித்து மடல் எழுதுகிறாளே, இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. ஆனால் கடந்த செப்டெம்பர் 30ஆம் திகதி, குடும்பத்திலிருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைகளில் அடைக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளின் நினைவாகச் செம்மஞ்சள் சட்டை அணிந்து பாடசாலைக்குப் போய்வந்த என் பன்னிரண்டு வயது மகள், அந்த வாரமே உங்கள் தொடரைப் பார்க்கத் தொடங்கினாள். மூன்று சீசன்கள், 27 பாகங்கள். ஒவ்வொரு இரவும் நானும் பக்கத்தில் இருந்தேன். கடைசிப் பாகம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அவள் கதாநாயகி ஆனைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனின் காதலன் கில்பர்ட் கொடுத்த முத்தத்தைப் பற்றியும் கேட்கவில்லை. “அம்மா, காக்வெட் வீட்டுக்கு வந்துவிட்டாளா?” என்றுதான் கேட்டாள்.

தெரியாது என்றேன். அடுத்த சீசனில் வருவாளா என்றாள். அடுத்த சீசன் இல்லை என்றேன். பிறகு யாருக்குத்தான் தெரியும் என்றாள். அந்தக் கேள்வியை உங்களிடம் சேர்ப்பிக்கவே இந்த மடல்.

கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பண்ணை வேலைக்கு ஓர் ஆண்பிள்ளையைக் கேட்டிருந்த மாத்யூ கத்பர்ட்டுக்கும் அவர் சகோதரி மரில்லாவுக்கும் ஆன் என்ற பெண்பிள்ளை வந்து சேர்கிறாள். 1908இல் லூசி மோட் மொன்ட்கொமரி எழுதிய நாவலை நீங்கள் அப்படியே படமாக்கவில்லை. யார் என்ன செய்தாலும் அதற்கு ஒரு காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து வைத்தீர்கள். ஆன் ஓயாமல் கதைப்பதற்குப் பின்னால் அநாதை விடுதியில் வாங்கிய அடி இருக்கிறது. மரில்லாவும் மாத்யூவும் இறுகிப் போனதற்குப் பின்னால், இளவயதில் இறந்துபோன அண்ணனும் அந்தத் துயரத்தில் படுத்துவிட்ட தாயும் இருக்கிறார்கள். மூன்றாம் சீசனில், பதினாறு வயதான ஆன் தன்னைப் பெற்றவர்களைத் தேடத் தொடங்கும்போது மரில்லாவுக்கு வருகிற பயத்தை நான் மறக்க மாட்டேன். முதலில் இந்தப் பிள்ளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அதே பெண்மணி, இப்போது செத்துப்போன இருவரிடம் மகளைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று நடுங்குகிறாள். வளர்த்த தாயின் மனத்தை இவ்வளவு நேர்மையாகத் தொலைக்காட்சியில் நான் பார்த்ததில்லை. இதை மெய்யாகவே பாராட்டிச் சொல்கிறேன்.

அதனால்தான் மற்றது பொறுக்கவில்லை.

அதே மூன்றாம் சீசனில் மிக்மாக் என்ற பூர்வகுடி இனத்துச் சிறுமி காக்வெட்டைக் கொண்டுவந்தீர்கள். ஆனுக்குச் சிநேகிதி ஆக்கினீர்கள். எழுத்தும் வாசிப்பும் படிக்க ஆசைப்பட்டு வதிவிடப் பாடசாலைக்குப் போகிறாள். பள்ளிக்கூடம் என்றாலே சொர்க்கம் என்று நினைக்கிற ஆன் அவளை உற்சாகப்படுத்தி அனுப்புகிறாள். அங்கே அவளுடைய கூந்தலை வெட்டுகிறார்கள், பெயரை மாற்றுகிறார்கள், தாய்மொழியில் பேசியதற்குத் தண்டிக்கிறார்கள். தப்பி ஓடி ஒருவழியாக வீடு வந்து சேர்கிறாள். மறுபடியும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஆனும் மாத்யூவும் அந்தப் பெற்றோரோடு பாடசாலை வாசல்வரை போகிறார்கள். கதவு திறக்கவில்லை. தாயும் தகப்பனும் ஊர் திரும்ப மறுத்து, பாடசாலைக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடித்துக் காத்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆனுக்குப் புதுக் கல்லூரி, புதுத் தோழிகள், புதுச் சட்டை.

கடைசிப் பாகத்தை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். மரில்லாவும் மாத்யூவும் ஆனைப் பெற்றவள் வைத்திருந்த ஒரு புத்தகத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவருகிறார்கள். அதைத் திறந்தால் தாயின் உருவம். அவளுக்கும் செந்நிற முடி. மூன்று சீசன்களாகத் தன் தலைமுடியை வெறுத்த பிள்ளை அந்த ஒரு கணத்தில் அது யார் கொடுத்தது என்று அறிந்துகொள்கிறாள். நான் அழுதேன், என் மகளும் அழுதாள். ஆனால் அதே சீசனில் இன்னொரு பிள்ளையின் கூந்தல் கத்தரிக்கோலில் விழுந்ததையும் நீங்களே காட்டியிருக்கிறீர்கள். தன் பெயரின் கடைசியில் ‘ஈ’ (e) என்ற ஓர் எழுத்து விடுபடக்கூடாது என்று அடம்பிடிக்கிறவளின் தொடரில், இன்னொருத்தியின் முழுப் பெயரும் பறிபோகிறது. (தமிழில் எழுதும்போது அந்தக் கடைசி எழுத்து எப்படியும் காணாமல் போய்விடுகிறது, ஆன் மன்னிக்கட்டும்.) இவற்றை நீங்கள் தெரியாமல் அடுத்தடுத்து வைத்திருக்க மாட்டீர்கள். அந்த அளவுக்குத் திறமையானவர்கள்தான் நீங்கள். அப்படியானால் முடிவையும் யோசித்து வைத்திருப்பீர்கள் அல்லவா? அதைத்தான் கேட்கிறேன்.

ஆனும் கில்பர்ட்டும் பிறகு என்ன ஆனார்கள் என்று அறிய விரும்புகிறவர் நூலகத்துக்குப் போகலாம். மொன்ட்கொமரி அடுத்தடுத்து எழுதிய நாவல்கள் இருக்கின்றன, கல்யாணம் முதல் பிள்ளைகள் வரை எல்லாம் அவற்றில் உண்டு. காக்வெட் அந்த நூல்கள் எதிலும் இல்லை. அவளைப் படைத்தவர்கள் நீங்கள். அவளுக்கு வேறு புத்தகம் இல்லை, வேறு ஆசிரியர் இல்லை. தத்துப்பிள்ளையின் கதை சொல்ல வந்த நீங்கள், தாயும் தகப்பனும் உயிரோடிருக்கிற ஒரு பிள்ளையை அநாதையாக விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் கதை நடப்பது 1890களின் பிற்பகுதியில். நோவா ஸ்கோஷியாவில் மிக்மாக் பிள்ளைகளை அடைத்துவைத்த ஷூபெனகாடி வதிவிடப் பாடசாலை திறந்தது 1930இல், மூடியது 1967இல். அதாவது, வரலாற்றை முப்பது வருடத்துக்கு மேல் பின்னுக்கு இழுத்துக் கதைக்குள் கொண்டுவந்தீர்கள். அதற்காக நான் குறைசொல்லவில்லை. நாடு முழுவதும் 150,000க்கும் அதிகமான பிள்ளைகள் இப்படிப் பிரிக்கப்பட்டார்கள், இதை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் அறிக்கை 2015இல் வந்தது, அதை இந்த நாடு மறக்கக்கூடாது என்று நினைத்திருப்பீர்கள். நல்ல நோக்கம். ஆனால் காலத்தையே வளைத்து அந்தப் பிள்ளையைத் தேடிக் கூட்டிவந்தவர்களுக்கு, அவளை வாசலில் விட்டுவிட்டுப் போக உரிமை இருக்கிறதா? மரில்லாவின் நோக்கம் எனக்குப் புரிகிறது. கில்பர்ட் பணக்காரப் பெண்ணையும் பாரிஸையும் வேண்டாம் என்று சொன்னதும் புரிகிறது. தொடரில் எனக்குப் புரியாதது உங்கள் நோக்கம் ஒன்றுதான்.

2019 நவம்பர் 24இல் கடைசிப் பாகம் ஒளிபரப்பாகி மறுநாளே தொடர் நிறுத்தப்பட்டதாக அறிவித்தீர்கள். வெளிநாட்டு இணைய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்வது உள்நாட்டுத் தொழிலுக்கு நல்லதல்ல என்று சிபிசி தரப்பில் அதற்குச் சற்று முன்புதான் சொல்லியிருந்தார்கள். இருக்கலாம். பெரியவர்கள் கணக்குப் பார்த்துப் பிரிவது வழக்கம்தான். அப்படிப் பிரியும்போது பிள்ளை யாரிடம் இருக்கும் என்று நீதிமன்றமாவது கேட்கும், இங்கே அதையும் யாரும் கேட்கவில்லை. ரசிகர்கள் ரொறன்ரோவிலும் நியூயோர்க்கிலும் காசு சேர்த்து விளம்பரப் பலகை வைத்துக் கேட்டார்கள். அதற்கும் அசையவில்லை. இப்போது ஒவ்வொரு செப்டெம்பர் 30க்கும் சிபிசியில் சிறப்பு நிகழ்ச்சிகள் வருகின்றன, அறிவிப்பாளர்கள் குரல் தாழ்த்திப் பேசுகிறார்கள். மிக நன்று. அந்தக் குரலிலேயே ஒருமுறை சொல்லிவிடலாமே, அந்தக் கூடாரத்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று.

கோபம் மிஞ்சிவிட்டது, மன்னியுங்கள். இதில் என் சொந்தக் காரணமும் கொஞ்சம் உண்டு. நான் வன்னியிலிருந்து வந்தவள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கொட்டகை போட்டு உட்கார்ந்தபோது, அவர்களில் என் அம்மாவின் தங்கையும் இருந்தார். அவருக்கு இப்போதும் வேண்டியது ஒரே பதில்தான். இருக்கிறான் என்றோ இல்லை என்றோ. அதனால் வாசலில் காத்திருக்கும் இருவரைத் திரையில் காட்டி இசையை உயர்த்தி அடுத்த காட்சிக்குப் போவது, எங்கள் வீட்டில் அவ்வளவு எளிதாகக் கடந்துபோகக்கூடியதாக இல்லை.

நான் முழு சீசன் கேட்கவில்லை. ஆன் வளர்ந்துவிட்டாள், நடிகர்கள் எல்லோரும் வளர்ந்துவிட்டார்கள் என்பது தெரியும். காக்வெட்டாக நடித்த கியாவென்டியோ 2024இல் நெட்ஃபிளிக்ஸின் வேறொரு தொடரில் தண்ணீரையே ஆட்டிவைக்கும் பெண்ணாக வந்தபோது என் மகள் துள்ளிக் குதித்தாள். வளர்ந்ததும் நல்லதுதான். கதையையும் அத்தனை வருடங்கள் கழித்துத் தொடங்கலாம். இரண்டு மணி நேரப் படம் ஒன்று போதும். அதை மிக்மாக் எழுத்தாளர்களிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். ஆன் அதில் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் குறையில்லை. அவள் வாசலில் நின்று என்ன நினைத்தாள் என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். காக்வெட் உள்ளே நின்று என்ன நினைத்தாள் என்பதை இனிப் பார்க்கிறோம்.

பணம் இல்லையென்றால், உங்கள் எழுத்தாளர்கள் அவளுக்காக வைத்திருந்த முடிவை ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள். நல்ல முடிவாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தப் பாடசாலைகளுக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகள் எத்தனையோ பேர் என்பது என் மகளுக்கும் தெரியும். வந்தாள் என்றால் வந்தாள் என்று சொல்லுங்கள். வரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

தயவுசெய்து காக்வெட்டின் கதையை முடித்துவையுங்கள். உங்கள் பதிலை மகளிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து, சிபிசிக்கும் சேர்த்து வரி கட்டும் ஒரு பார்வையாளர்