ஃபாலிக்கிளுக்கு இடம் கொடு

அன்பு யாழினிக்கு,

சுண்டெலி ஃபாலிக்கிள்கள், அதாவது முட்டையும் அதைச் சூழ்ந்த செல்களும் சேர்ந்த உருண்டைகள், ஆல்ஜினேட் என்னும் கடற்பாசிப் பொருளால் ஆன ஜெல்லுக்குள் நான்கு நாள் நன்றாக வளர்ந்துவிட்டு அப்படியே நின்றுவிடுகின்றன, ஃபாலிக்கிளை வளர்க்கும் ஹார்மோனான எஃப்எஸ்ஹெச்சைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். ஹார்மோனில் இப்போது கை வைக்காதே, கண்ணு. முதலில் ஜெல்லின் இறுக்கத்தைப் பார்.

சினைப்பையில் உறங்கும் ஃபாலிக்கிள்கள் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் அடர்ந்த வெளிப்புறப் பகுதியில் கிடக்கின்றன. வளரத் தொடங்கியவை இளக்கமான உட்பக்கம் நோக்கிப் போகின்றன. அந்த இறுக்கமும் உறக்கத்தைக் காக்கிறது. 2019-இல் ஜப்பானியக் குழு ஒன்று சுண்டெலிச் சினைப்பையின் புறத்திசுவை நொதியால் தளர்த்தியபோது ஃபாலிக்கிள்கள் விழித்துக்கொண்டன. வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்ததும் மறுபடி உறக்க நிலைக்குப் போயின. 2013-இல் கவாமுரா குழு வேறு வழியில் இதையே காட்டியது. திசுவைச் சிறு துண்டுகளாக நறுக்கினாலே செல்லின் சட்டகமான ஆக்டின் இழைகள் கூடுகின்றன, செல் வளர்ச்சியை அடக்கும் ஹிப்போ என்னும் சமிக்ஞைத் தடை தளர்கிறது, அது அடக்கி வைத்திருந்த யாப் புரதம் உட்கருவுக்குள் போய் வளர்ச்சிக் காரணிகளைத் தூண்டுகிறது. 1935-இல் ஸ்டெயினும் லெவந்தாலும் பாலிசிஸ்டிக், அதாவது சிறு நீர்க்கட்டிகள் நிறைந்த, சினைப்பையில் ஆப்பு வடிவில் ஒரு பகுதியை வெட்டியெடுத்ததும் மாதவிலக்கு திரும்பியதே, அதற்கும் ஒரு பங்கு காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

உன் ஜெல்லிலும் இதே கணக்குத்தான். ஃபாலிக்கிள் பெருக்கப் பெருக்க ஜெல்லை எல்லாப் பக்கமும் தள்ளுகிறது, ஜெல் திருப்பித் தள்ளுகிறது. அதனால்தான் தொடக்கத்தில் தெரியாத தடை நான்காம் நாளில் தெரிகிறது. 1.5 சதவீத ஆல்ஜினேட் 100 முதல் 130 மைக்ரான் அளவுள்ள இரண்டடுக்கு ஃபாலிக்கிளுக்கு மிக இறுக்கம். 0.5, 0.25 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். அதற்காக ஜெல்லே இல்லாமல் தட்டில் விட்டுவிடாதே. முட்டையைச் சூழ்ந்த கிரானுலோசா செல்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டிப் பரவி, முட்டையோடு இருக்கும் நுண்ணிழைத் தொடர்பு அறுந்து, முட்டை அம்மணமாக நிற்கும்.

சதவீதத்தை மட்டும் நம்பாதே. ஆல்ஜினேட்டின் சங்கிலி நீளமும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியான குலூரானிக் அமிலத்தின் பங்கும் தொகுதிக்குத் தொகுதி மாறும். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் சங்கிலி உடைந்து ஜெல் தளர்ந்துவிடும். வடிகட்டியே கிருமி நீக்கு. கால்சியம் இல்லாத பாஸ்பேட் கரைசலில் கரை. 50 மில்லிமோலார் கால்சியம் குளோரைடும் 140 மில்லிமோலார் உப்பும் உள்ள குளியலில், ஃபாலிக்கிள் உள்ள ஆல்ஜினேட் துளி ஜெல்லாக மாற 2 நிமிடம் இருந்தால் போதும். மறந்து விட்டுவைத்தால் பிணைப்பு கூடி ஜெல் இறுகும். இந்த இடத்தில்தான் பலருக்கும் கை தவறுகிறது, கடிகாரம் வைத்துக்கொள். ஃபாலிக்கிள் துளியின் நடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் ஒரு பக்கம் பிதுங்கி வெளியே வரும்.

வளர வளர இளகும் ஜெல் வேண்டுமென்றால் இரத்தம் உறையும்போது உருவாகும் புரதமான ஃபைப்ரின் கலந்து பார். ஃபாலிக்கிள் தன் நொதிகளாலேயே ஃபைப்ரினைக் கரைத்து இடம் செய்துகொள்ளும், மிச்ச ஆல்ஜினேட் உருண்டை வடிவத்தைக் காக்கும். எனக்கு இது மிகவும் பிடித்த வழி. ஆனால் சுண்டெலிக்குப் பொருந்திய அளவை எருமைக்கோ குரங்குக்கோ அப்படியே எடுத்துப் போகாதே. அவற்றின் வளர்ப்புக் காலம் நீளம், ஜெல்லும் அத்தனை நாள் தாங்க வேண்டும்.

வெளியே எடுக்கும்போது ஊசியால் கிழிக்காதே. மில்லிலிட்டருக்கு 10 யூனிட் ஆல்ஜினேட் லையேஸ் (ஆல்ஜினேட்டைக் கரைக்கும் நொதி), 37 டிகிரியில் அரை மணி நேரம் போதும். விட்டத்தை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு திசையில் அளந்து, படத்தோடு அனுப்பு.

அன்புடன்,
அம்மா