உறையில்லாத அந்தக் கடிதத்துக்கு நன்றி

போர் எங்களைப் பிரித்த பிறகு அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செஞ்சிலுவைச் சங்கத் தன்னார்வலரான நீங்கள்தான் அவர் எழுதிய தாளை அம்மாவின் கையில் கொடுத்தீர்கள். உறை கிடையாது, அதிகாரிகள் படித்துப் பார்க்கலாம் என்பதால் குடும்பச் செய்தி மட்டுமே எழுத முடியும். பிரிந்த குடும்பத்தார் இப்படிச் செய்தி அனுப்பும் உரிமை 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம், பிறகுதான் அறிந்தேன். ஆனாலும் அந்தத் தாளைச் சுமந்து அவ்வளவு தூரம் வந்தவர் நீங்கள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படிக்க முயன்றேன், குரல் எழவில்லை. நீங்கள் தரையில் அமர்ந்து மூன்று முறை படித்துக் காட்டினீர்கள். பதில் எழுதி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து வாங்கிச் சென்றீர்கள். உங்கள் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை, மன்னியுங்கள். அந்தத் தாள் இன்னும் அம்மாவின் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.